உச்சி பாடாத பாட்டு

விடிந்தும் விடியாத நேரம். தெருவில் வண்டிச் சத்தம் எழுவதற்குள் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு முடிய வேண்டும் என்று கோரஸ் பெண்களை இருட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் மின்விசிறி கிடையாது. குளிர்சாதனத்தையும் அணைத்தாயிற்று, அது உறுமினால் மைக்குக்குக் கேட்டுவிடுமாம். சுவர் முழுக்கக் கனத்த கம்பளியும் துளை போட்ட பலகையும். கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும், தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்கும். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, சரசரக்காத பழைய பருத்தித் துணியில், வெறுங்காலோடு ஆளுக்கொரு மைக் முன்னால் நின்றார்கள். முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. துடைக்கக் கை தூக்கக் கூடாது. துணி உரசினால் அதுவும் பதியும்.

"ஆ..."

"போதும். அடுத்த சுரம்," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முதலாளி.

"ஆ..."

"அடுத்தது."

பாட்டு என்று ஒன்று இருந்தால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பாட்டே இல்லை. மெட்டுப் போடுகிறவர் வரவில்லை, எழுதுகிறவர் வரவில்லை. சுரம் சுரமாக ஆ, ஓ, ம். அதையே மெதுவாக, அதையே பலமாக, அதையே வெட்டி, அதையே மூச்சு முட்டும்வரை இழுத்து. சேர்ந்து பாடியே பிழைத்த பெண்களை ஒவ்வொருத்தியாகத் தனியே பாடவிட்டு எடுத்தார்கள்.

அண்ணிக்கு இது பிடிபடவில்லை. உச்சி அவளை அண்ணி என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டு, ஸ்டுடியோவில் வாசல் காவல்காரர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவள் அண்ணிதான். உச்சி அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. பாட்டு மேலே ஏறும் இடம் வந்தால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். ஏறுகிறவள் இவள் ஒருத்திதான். அதனால் உச்சி. அண்ணியுடையது கீழே நிற்கிற குரல். ஏறுகிறவளுக்குத் தரை.

இடைவேளையில் டீயோடு ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தது. தட்டைப் பார்த்ததும் அண்ணியின் சந்தேகம் உறுதியாயிற்று. டீயில் பால் கூடிவிட்டால் டீக்காரரோடு சண்டைக்குப் போகிற மனிதர் முதலாளி.

"இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"புது மைக் வந்திருக்கு அண்ணி. டெஸ்ட் பண்றோம்."

"மைக்கைப் பார்க்க ஒரு சத்தம் போதாதா? சுரம் சுரமா எதுக்கு?"

"விலை ஜாஸ்தி மைக். எல்லாம் பார்த்துத்தானே வாங்கணும்?" முதலாளி சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு இணைத்த இசைக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவன் சிரிக்கவில்லை. ஓயாமல் எதையாவது அமுக்கிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பொத்தான் என்று பெயர். அவன் குனிந்து, தேவையில்லாமல் ஒரு கம்பியைச் செருகிச் செருகிப் பார்த்தான்.

அந்த வாரம் முழுக்க இதே வேலை. கடைசி நாள் உச்சி தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "எச்சில் முழுங்கினா முள்ளு மாதிரி இருக்கு அண்ணி."

"சார், இவளுக்கு முடியல. நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"மேல இருக்கிற சுரம் மட்டும்தான் பாக்கி. இப்ப வந்ததுல பலம் பத்தல. கத்துற மாதிரி வேணும்."

உச்சி கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். மறுபடி என்றார். ஏறினாள். மறுபடி. அப்போது, புதுத் துணியை முதலில் கிழிக்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. பிறகு வாய் திறந்தபடியே இருந்தது. ஒன்றும் வரவில்லை. விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். எச்சிலில் சிவப்பு.

எல்லாப் பெண்களின் காதுக் கருவியிலும் முதலாளியின் குரல் கேட்டது. "அந்தச் சுரம் பதிஞ்சிருச்சா?"

"முன்னாடி எடுத்தது இருக்கு சார்," என்றான் பொத்தான்.

"அப்ப சரி."

*

"குரல் நாண்ல ரத்தம் கட்டியிருக்கு," என்றார் டாக்டர். "ஒரு சொல் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. குரல் திரும்பி வரும். பழைய உயரத்துக்கு வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

அவர்கள் குடியிருந்தது ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்த இரண்டு அறை. கீழே மெஷின் ஓடினால் தரை நடுங்கும், தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். உச்சி அந்த உறுமலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு வீடு கூட்டுவாள், துணி துவைப்பாள். மேலே பாட்டு நின்றால் கீழே தாள் அடுக்குகிறவர்கள், "என்ன, இன்னைக்குப் பாட்டு லீவா?" என்று கத்துவார்கள். இப்போது மெஷின் மட்டும் உறுமியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விஷயம் கீழேயும் தெரிந்துவிட்டது.

அண்ணியும் அவள் புருஷனும் முதலாளியைப் பார்க்கப் போனார்கள். அவன் லாரி பட்டறையில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாவம். நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க," என்றார் முதலாளி.

"வைத்தியச் செலவு சார்..." என்றாள் அண்ணி.

"அண்ணி, என் கூடத்துல பலகை விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா நான் பார்க்க மாட்டேனா? இது அவங்க தொண்டைக்குள்ள நடந்தது. தொண்டை அவங்களோடதுதானே?"

"அதுல இருந்து வந்த சத்தம்?"

கேட்ட பிறகுதான் இதை ஏன் கேட்டோம் என்று அண்ணிக்கே திகைப்பாக இருந்தது. முதலாளியின் முகம் ஒரு கணம் மாறி, மறுபடி பழையபடி ஆயிற்று.

"அது என் ஸ்டுடியோவுல பதிஞ்சது. என்னோடது."

வெளியே வந்ததும் புருஷன் பல்லைக் கடித்தான். "ஒரு ஸ்பேனர் கையில இருந்திருக்கணும்."

"இருந்திருந்தா? ஒருத்தி வாய் பேசாம வீட்டுல, நீ உள்ளே. ரெண்டு இடத்துக்கும் நான்தானே சோறு தூக்கணும்? பேசாம வா."

*

அதற்குப் பிறகு ஸ்டுடியோவிலிருந்து கூப்பிடுவது குறைந்தது. வாரத்தில் பாதி நாள் நின்ற இடத்தில், மாதத்துக்கு ஒரு தரம் வாய்த்தால் பெரிது. பெண்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். இவளை மட்டும் ரகசியமாகக் கூப்பிடுகிறார்களோ? அவள் காலில் புதுச் செருப்பு தெரிகிறதே, எப்படி? வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அண்ணியும் அப்படித்தான். கடைத்தெருவில் கோரஸ்காரி குண்டூசியைப் பார்த்தபோது, பார்க்காதவள் போல எதிர்ப்பக்கம் கடந்து போனாள். குண்டூசி கோரஸில் நடுவில் நிற்பவள். பேச்சு குத்தும் என்பதால் அந்தப் பெயர்.

ஒரு பிற்பகல். உச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கீழே அச்சகத்து ரேடியோவில் புதுப் பாட்டு ஒன்று போட்டார்கள். ஆணும் பெண்ணும் பாடுகிற துள்ளல் பாட்டு. நடுவே கோரஸ் எழுந்தது. ஆ என்று கீழே தொடங்கி, படிப்படியாக மேலே, மேலே.

உச்சியின் கையிலிருந்து துணி நழுவியது. தன் நெஞ்சில் அறைந்துகொண்டாள். ஒரு தரம், இன்னொரு தரம். நான், நான் என்று.

"என்னடி? என்ன செய்யுது?"

அவள் தரையைக் காட்டினாள், காதைக் காட்டினாள், தொண்டையைக் காட்டினாள். அண்ணிக்குச் சட்டென்று விளங்கியது. மேல் சுரத்துக்குப் போகுமுன் ஒரு மயிரிழை கீழே தொட்டுவிட்டு ஏறுகிற பழக்கம் உச்சிக்கு உண்டு. அது அங்கே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தது. அதே தொடுகை, அதே ஏற்றம், அதே மூச்சு. கீழே மெஷின் தாள் தாளாக ஒரே படத்தைத் துப்புகிற மாதிரி. மனுஷி அப்படிப் பாட மாட்டாள். இரண்டாம் தடவை கொஞ்சம் களைப்பாள், மூன்றாம் தடவை கொஞ்சம் சிரிப்பாள்.

அந்தக் குரலுக்கு அடியில் தரையாக நின்றது தன் குரல் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பாட்டை இருவருமே பாடவில்லை.

*

முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போகிற வேளை பார்த்து அண்ணி ஸ்டுடியோவுக்குப் போனாள். பொத்தான் தனியாக இருந்தான். அவள் வாயைத் திறக்குமுன்பே எழுந்து கதவைச் சாத்தினான்.

"கேட்டுட்டீங்களா பாட்டை?"

"கேட்டேன். என்னது அது?"

அவன் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினான். உச்சி பாடினாள். அடுத்த கட்டை. உச்சி இன்னும் மேலே பாடினாள். கீழே ஒன்றை அமுக்கினான். அண்ணியின் பிடரி சிலிர்த்தது. தன் குரல் தன் வாயில்லாமல் அந்த அறையில் நின்றது. ஒரு சக்கரத்தைத் திருப்பினான். அவள் குரல் தடித்து ஆண்குரலாயிற்று, மெலிந்து குழந்தைக் குரலாயிற்று. விரலை எடுத்ததும் செத்தது.

"இதை எனக்கு எதுக்குக் காட்டுற? யார் காட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு ரத்தத்தைப் பார்த்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல அண்ணி."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

அவன் ஒரு துணியை எடுத்துக் கீபோர்டை மூடினான்.

"இது வரியெல்லாம் பாடுமா?"

"பாடாது. ஆ, ஓ இவ்வளவுதான். சொல்லோட பாடணும்னா ஆள் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "இப்போதைக்கு," என்றான்.

"உனக்கென்ன? மெஷின் இருக்கிறவரைக்கும் உனக்குச் சோறு."

"எனக்கா? நான் போட்ட தாளம் எல்லாத்தையும் இன்னொரு மெஷின்ல ஏத்தச் சொல்லிட்டாரு. அவரோட மச்சான் மகன் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டிருக்கான்."

நம்புவதா வேண்டாமா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. தூண்டிலில் புழுவும் இப்படித்தான் நெளியும். எழுந்து வந்துவிட்டாள்.

*

சில நாளில் ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்தது. பெரிய படம், பெரிய பாட்டு, வரியோடு கோரஸ். எல்லாரும் வர வேண்டும். அதற்கு முன்னால் அண்ணியை மட்டும் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே எனக்குக் கூட்டம் தேவைப்படாது. காலம் அப்படி. ஆனா ஒரு ஆள் நிரந்தரமா வேணும். யாரை வெச்சுக்கலாம்னு ராத்திரி பகலா யோசிச்சேன். உங்க முகம்தான் வந்தது. மத்தவங்ககிட்ட மூச்சு விடாதீங்க."

வீட்டில் சொன்னாள். புருஷன், "நிரந்தரமாவா?" என்று ஆசையோடு ஆரம்பித்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். உச்சி எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்து, அழுத்தி, விட்டுவிட்டாள். போ என்கிறாளா, போகாதே என்கிறாளா? கேட்டால் சொல்ல அவளிடம் குரல் இல்லை. அண்ணி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் வயலின் மாமாவின் வீட்டு மொட்டைமாடிக்கு எல்லாரையும் வரச் சொன்னாள். வயலின்காரர்களில் மூத்தவர் அவர், எல்லாருக்கும் மாமா. கோரஸ் பெண்கள், வயலின்காரர்கள், டிரம்ஸ்காரர் எல்லாரும் வந்தார்கள். வந்தும் ஒட்டாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். உச்சி தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருந்தாள்.

அண்ணி, ரேடியோவில் கேட்டதையும் கீபோர்டில் கேட்டதையும் சொன்னாள்.

"எங்களையும் ஒவ்வொரு நரம்பா இழுக்கச் சொன்னாங்க," என்றார் வயலின் மாமா. "கூடத்துல புதுப் பலகை அடிச்சிருக்கோம், எதிரொலி பார்க்கிறோம்னு."

"என்கிட்ட வேற கதை," என்றார் டிரம்ஸ்காரர். "வெளிநாட்டுல இருந்து பெரிய ஆள் வர்றாராம், என் கை வாகை அவருக்குக் காட்டணுமாம். நான் புதுச் சட்டை வேற போட்டுக்கிட்டுப் போனேன்."

யாரோ சிரித்தார்கள். குண்டூசி சிரிக்கவில்லை.

"இதெல்லாம் சரி. மெஷினைக் காட்டினது யாரு, முதலாளியோட காது அந்தப் பொத்தான். பார்த்துட்டு வந்து சொல்றது யாரு, முதலாளி வாய் நிறைய அண்ணின்னு கூப்பிடுற இவங்க. நாம இங்க பேசுறது அங்க போகாதுன்னு என்ன நிச்சயம்?"

அண்ணிக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. பிறகு எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"நீ கேட்டது நியாயம்தான். நேத்து என்னை அறைக்குக் கூப்பிட்டாரு. ஒரு ஆள் நிரந்தரமா வேணுமாம், அது நான்தானாம். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதாம். விட்டுட்டேன். இதுக்கு மேல என்னை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

குண்டூசியின் முகம் வெளுத்தது. "ராத்திரி பகலா யோசிச்சேன்னு சொன்னாரா?"

"ஆமா."

"உங்க முகம்தான் வந்ததுன்னு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதேதான் சொன்னாரு," என்றாள் குண்டூசி, தரையைப் பார்த்தபடி.

"எனக்கும்," என்றது ஒரு குரல். "எனக்கும்தான்," என்றார் வயலின் மாமா, கூச்சத்தோடு.

டிரம்ஸ்காரர் தொடையில் ஓங்கித் தட்டினார். "யோவ், இதையும் மெஷின்ல பதிஞ்சு வெச்சிருக்காருய்யா! ஆள் வந்ததும் ஒரு அமுக்கு!"

அப்போது எழுந்த சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. உச்சியும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபோது தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் எப்படியோ கிட்டே வந்திருந்தார்கள். வெயில் சாயும்வரை பேசினார்கள். உச்சியின் வைத்தியம் ஸ்டுடியோ பொறுப்பு. பதிந்த குரலை, பதிந்த நரம்பை, பதிந்த அடியை எந்தப் பாட்டில் போட்டாலும் கேட்டுத்தான் போட வேண்டும், கூலி தந்துதான் போட வேண்டும். இனி யாரும் தனியாக முதலாளியின் அறைக்குள் போவதில்லை. மூன்றே விஷயம்.

"பொத்தான்கிட்ட சொல்லலாமா?" என்று அண்ணி கேட்டாள்.

"வேண்டாம்," என்றார்கள் எல்லாரும் ஒரே வாயாக. அவளுக்கும் வற்புறுத்தத் துணிவில்லை.

*

பதிவு நாள். கூடம் நிறைந்திருந்தது. இசையமைப்பாளர் கையைத் தூக்கினார், சிவப்பு விளக்கு எரிந்தது. கை இறங்கியது.

ஒருவரும் பாடவில்லை. வில் நரம்பில் படவில்லை. காதுக் கருவியில் டிக் டிக்கென்று தாள எண்ணிக்கை மட்டும் தன்பாட்டில் ஓடியது.

முதலாளி கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன இது? அண்ணி, என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல சார். பேசணும்."

"அறைக்கு வாங்க, பேசலாம்."

"அறைக்கு வந்தா எல்லாருக்கும் ஒரே வசனம்தான் சொல்றீங்க. இங்கேயே சொல்லுங்க, ஒரு தரம் சொன்னாப் போதும்."

வயலின் மாமா மூன்று விஷயத்தையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. கேட்கக் கேட்க முதலாளியின் கழுத்து சிவந்தது.

"கூலி குடுத்தேன், பாடினீங்க. முடிஞ்சது கணக்கு. உங்க ஆவி, மூச்சு எல்லாம் என் பெட்டியில இருக்கு. நீங்க வேணும்னு எனக்கு ஒண்ணும் கட்டாயம் இல்ல. போங்க எல்லாரும்!" கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "டேய், மெஷின்ல இருக்கிறதைப் போடு. வரி வர்ற இடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

பொத்தானின் கை கீபோர்டுக்கு மேலே இருந்தது. அண்ணி அந்தக் கையையே பார்த்தாள். அமுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தாள். கூடத்தில் இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவன் பின்னால் கைநீட்டி மெஷினை அணைத்தான். எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குள் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்து, வயலின்காரர்களின் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். யாரும் அவனை வா என்று சொல்லவில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் அவனுக்கு இடம்விட்டு ஒரு காலடி நகர்ந்தார்.

"உன்னைப் போல ஆயிரம் பேர்," என்றார் முதலாளி. "வெளிய போ. எல்லாரும் வெளிய போங்க. வேற ஸ்டுடியோவுல ஆளா இல்ல?"

வாத்தியங்களைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். வெளியே வந்து வாசல் மதிலோரம், நிழலில் உட்கார்ந்தார்கள். உச்சி ஏற்கெனவே அங்கே காத்திருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தே நடந்ததைத் தெரிந்துகொண்டாள். நாளைக்கு அடுப்பு எரியுமா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. "அரை மணியில அவரே வந்து கூப்பிடுவாரு பாரு," என்றார் டிரம்ஸ்காரர். "வருவாரு, போலீஸோட," என்றாள் குண்டூசி.

வந்தது ஒரு வேன். அதிலிருந்து பெண்கள் சிலர் இறங்கினார்கள். வளையல் இல்லாத கை, சரசரக்காத துணி. பார்த்ததுமே கோரஸ் பெண்கள் என்று தெரிந்தது. வாசலில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினார்கள். அண்ணி எழுந்தாள். நெஞ்சில் பழைய சந்தேகம் தலைதூக்கியது. இவர்களுக்கு எல்லாம் தெரியுமோ? தெரிந்துதான் வந்திருக்கிறார்களோ?

"யாரு அனுப்பி வந்தீங்க?"

"அவசர வேலைன்னு சொன்னாங்க," என்றாள் முன்னால் நின்றவள், அதே சந்தேகத்தோடு. "நீங்க ஏன் வெளிய உட்கார்ந்திருக்கீங்க?"

அண்ணி சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், ரேடியோப் பாட்டு முதல் இன்றைய காலை வரை. உள்ளேயிருந்து காவல்காரர், "முதலாளி கூப்பிடுறாரும்மா, சீக்கிரம்," என்றார். முன்னால் நின்றவள் போகவில்லை. உச்சியைப் பார்த்தாள்.

"அந்தப் பாட்டு எங்க தெருவுலயும் ஓடுது. அது இவங்க குரலா?"

உச்சி ஆமென்று தலையசைத்தாள்.

"எங்க குரலையும் இப்படி எடுத்து வெச்சிருப்பாங்களா?"

"தெரியாது," என்றாள் அண்ணி. "கேட்டாத்தான் தெரியும்."

"கேட்டாச் சொல்லுவாங்களா?"

"தனித்தனியாக் கேட்டாச் சொல்ல மாட்டாங்க."

அவள் தன்னோடு வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி வேனைப் பார்த்தாள், ஒருத்தி வாசலைப் பார்த்தாள். வேன்காரர் ஹார்ன் அடித்தார். உச்சி நகர்ந்து, தன் பக்கத்தில் தரையைக் கையால் துடைத்துவிட்டாள்.

முன்னால் நின்றவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மதில் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. பொத்தான் உட்பட எல்லாருக்கும் அதில் இடம் வேண்டியிருந்தது. நெருங்கி உட்கார்ந்தார்கள்.